எர்த் குழியிலிருந்து தொடங்குங்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து பத்துக் கணினிகள் கொண்ட ஓர் இணையச் சேவை மையமும், அதே இடத்தில் மாலை நேரப் பயிற்சி வகுப்பும் தொடங்கப்போகிறார்கள். கையில் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒருவர் ஏஐ கணினி வாங்கு என்கிறார், இன்னொருவர் வைஃபை 7 போடு என்கிறார், மூன்றாமவர் மெமரி (ரேம்) விலை இறங்கும்வரை பொறு என்கிறார். தொழில்நுட்பத் துறை எந்தப் பக்கம் போகிறது, எதை நம்பி முதல் போடுவது என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் கும்பகோணத்துக்காரன். இருபத்திரண்டு ஆண்டுகளாக டெல்டாவில் கணினி, நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வலங்கைமான், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போகாத ஊர் இல்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்களைப் போலக் கடன் வாங்கி முதல் போட்டு, இரண்டாவது மழைக்காலத்தில் கடையைச் சாத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பழைய மாடல் கணினி வாங்கியதால் சாத்தவில்லை. கருவிகள் அடுத்தடுத்துப் பழுதாகி, வந்த வாடிக்கையாளர் திரும்பிப் போய், அந்த நஷ்டத்தில்தான் சாத்தினார்கள். ஆகவே உலகச் சந்தையைப் பிறகு பார்ப்போம். நீங்கள் வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கும் கட்டடத்தில், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியை முதலில் பார்ப்போம்.

நம்முடையது களிமண். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஊறி நிற்கும்போது எர்த் மிக நன்றாக வேலை செய்யும். பங்குனி, சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். புதைத்த குழாயைச் சுற்றி மண் விலகிவிடும். கரியும் உப்பும் போட்டு நிரப்பிய குழியில் யாராவது அவ்வப்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால்தான் அது எர்த். இல்லையென்றால் சுவரில் ஓடும் ஒரு பச்சைக் கம்பி, அவ்வளவுதான்.

திருவாரூர் அருகே ஒரு தனியார் அலுவலகத்தில் ஒரே கோடையில் மூன்று மதர்போர்டுகள் போயின. கணினி விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பிளக் பாயின்ட்டின் நியூட்ரல் துளையில் ஒரு முனையும் எர்த் துளையில் மறுமுனையும் வைத்தேன். இரண்டு வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய இடத்தில் 41 காட்டியது. கணினியின் உலோக உடம்பைப் புறங்கையால் தடவினால் விறுவிறு என்று ஓர் அதிர்வு. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தோம். எர்த் குழி இருந்த இடத்தின் மேல், பைக் நிறுத்துவதற்காகச் சிமென்ட் தளம் போட்டு மூடியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளாக அந்தக் குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. வேறு இடத்தில் புதுக் குழி தோண்டிய பிறகு அங்கே மதர்போர்டு மாற்ற எனக்கு அழைப்பே வரவில்லை.

அடுத்தது மின்னழுத்தம். சுற்றுவட்டாரத்தில் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் நாட்களில் 170 வோல்ட் வரை இறங்கியதை நானே அளந்திருக்கிறேன். அதைவிட ஆபத்தானது மழைக்காற்றில் நியூட்ரல் கம்பி அறுவது. அப்போது 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் பாயக்கூடும். ஒரு தெருவின் டிவிகள் மொத்தமும் ஒரே இரவில் போன கதையை உங்கள் ஊரிலேயே கேட்டிருப்பீர்கள். இதற்கு நீங்கள் செய்யக்கூடியது மூன்று. மெயின் போர்டில் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தானாகத் துண்டிக்கும் கருவி, மின்னலுக்கான சர்ஜ் தடுப்பான், ஆன்லைன் வகை யூபிஎஸ். ஆன்லைன் வகையில் உள்ளே வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதிலிருந்து புதிதாக 230 வோல்ட் உண்டாக்கி வெளியே அனுப்புவார்கள். அதனால் வெளியே நடக்கும் ஏற்ற இறக்கம் கணினிக்குத் தெரியாது. உங்கள் பத்துக் கணினிகளுக்கு 3 கேவிஏ போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள். அது மையை உருக்கும் உருளையைச் சூடாக்கும்போதெல்லாம் ஆயிரம் வாட் வரைகூட இழுக்கும்.

மின்சாரத்தை வைத்தே கணினியின் வடிவத்தையும் முடிவு செய்யலாம். மலிவான கேபினட்டில் வரும் பவர் சப்ளை 200 வோல்ட்டுக்குக் கீழே தடுமாறும். கையளவு மினி கணினிகளும் லேப்டாப்களும் வெளி அடாப்டரில் ஓடுகின்றன. அந்த அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். தாழ்ந்த அழுத்தத்தை முகம் சுளிக்காமல் தாங்கும். மினி கணினி குடிக்கும் மின்சாரமும் குறைவு, யூபிஎஸ் நீண்ட நேரம் தாங்கும். கேமிங் கற்றுத்தரப் போவதில்லை என்றால் பெரிய கேபினட்டுக்கு உங்களுக்கு அவசியமே இல்லை.

இப்போது கம்பிக்கு வருகிறேன். இதில்தான் என் மனம் அதிகம் வேகும்.

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலை. பதினாறு கேமராக்களில் மூன்று மட்டும் இரவு ஏழு மணிக்கு மேல் அணைந்துவிடும். விடிந்தால் தானாக உயிர் பெறும். எனக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டு முறை கேமராவை மாற்றியிருந்தார்கள், ஒரு முறை பதிவுக் கருவியையே மாற்றியிருந்தார்கள். ஆலைக்காரர் ஏதோ மந்திரம் போல இருக்கிறது என்றார். மந்திரம் ஒன்றும் இல்லை. கேமராவுக்கு மின்சாரமும் அதே நெட்வொர்க் கம்பி வழியாகத்தான் போகிறது. இருட்டினால் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், இழுக்கும் மின்சாரம் கூடும். அந்த மூன்றும்தான் ஆலையின் கோடியில், எண்பது மீட்டர் தூரத்தில் இருந்தவை. கம்பியின் ஒரு முனையை உரித்து, ஓர் இழையைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டினேன். செம்பு நிறம் உதிர்ந்து உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியம். மேலே செம்பு முலாம். கம்பி வந்த அட்டைப்பெட்டியில் சுத்தச் செம்பு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அலுமினியம் செம்பை விட அதிக மின்தடை கொண்டது. எண்பது மீட்டர் போவதற்குள் அழுத்தம் விழுந்துவிடுகிறது, பகலில் சமாளித்த கேமரா இரவில் சாய்ந்துவிடுகிறது. மூன்று கம்பிகளையும் சுத்தச் செம்பாக மாற்றியதும் பழைய கேமராக்களே விடிய விடிய ஓடின.

உலகப் போக்கு நம் ஊருக்கு எந்த உருவத்தில் வந்து சேர்கிறது என்பதற்கு இந்தக் கம்பியைத்தான் உதாரணம் சொல்வேன். டேட்டா சென்டர்கள், மின்சாரக் கார்கள், மின்பாதைகள் எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும். 2025இல் உலகச் சந்தையில் செம்பின் விலை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. அங்கே விலை ஏறினால் இங்கே முலாம் பூசிய கம்பி பெருகுகிறது. கடையில் 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். செம்பு கனக்கும், அலுமினியம் லேசாக இருக்கும். பிறகு பிளேடை எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கேட் 6 என்ற தரத்தில் வரும் செம்பு நெட்வொர்க் கம்பியை ஒழுங்காகக் குழாய்க்குள் போட்டுவிட்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு அதைத் தொட வேண்டியதில்லை. அதற்குள் மூன்று தலைமுறைக் கணினிகள் வந்து போயிருக்கும். ஆறு லட்சத்தில் ஒன்றரை லட்சத்தை வயரிங், எர்த், யூபிஎஸ், கம்பி ஆகியவற்றுக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மெமரி விலைக்குப் பொறுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், பொறுக்காதீர்கள் என்பது. ஏன் ஏறியது என்று தெரிந்தால் ஏன் சீக்கிரம் இறங்காது என்பதும் தெரியும். உலகத்துக்கு மெமரி சில்லு செய்து கொடுப்பவர்களில் பெரியவர்கள் மூன்றே பேர். கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏஐ சர்வர்களில் என்விடியாவின் சில்லுக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காக வைக்கும் எச்பிஎம் என்ற மெமரிக்கு இப்போது பெரும் கிராக்கி. அதே அளவு மெமரியைச் சாதாரண டிடிஆர்5 வடிவில் செய்வதைவிட எச்பிஎம் வடிவில் செய்ய ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகடு பிடிக்கிறது. லாபமும் அதில்தான் அதிகம். ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025இன் கடைசி மாதங்களில் நம் கணினிகளுக்கான மெமரி விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்த டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் என்ற தன் சில்லறை வணிகத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. முப்பது ஆண்டுகளை நெருங்கிய பெயர். நான் முதன்முதலில் கையில் வாங்கிய நல்ல மெமரியும் அந்தப் பெயரில் வந்ததுதான். அந்த அறிவிப்பைப் படித்த அன்று மனம் கனத்தது. சில்லறை வாங்கும் நம்மைப் போன்றவர்களை விட்டு ஒரு பெரிய உற்பத்தியாளர் விலகிப் போகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தத் தொழிலில் பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வரும். 2017, 2018இல் மெமரி விலை இப்படித்தான் ஏறியது. 2022, 2023இல் அடிமட்டத்துக்கு விழுந்தது. இதுவும் ஒரு நாள் விழும். ஆனால் புதிய ஆலை கட்டி அதிலிருந்து சில்லு வெளிவர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கடை வாடகை காத்திருக்காது. இரண்டு மெமரி துளைகள் உள்ள இயந்திரமாகப் பார்த்து, ஒன்றில் 8 ஜிபி போட்டு வாங்குங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள். விலை இறங்கும் ஆண்டில் நிரப்பிக்கொள்ளலாம். மெமரியை போர்டிலேயே பற்றவைத்த மாடல்களைத் தொடவே வேண்டாம்.

விலைக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கதையை நம் பக்கத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உலகின் மிக நுட்பமான சில்லுகளில் பெரும்பகுதியைத் தைவானின் டிஎஸ்எம்சி என்ற ஒரே நிறுவனம் செய்கிறது. சில்லுத் தகட்டை ஒவ்வொரு படியிலும் அதிசுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும். 2020இல் ஒரு புயல்கூடத் தைவானில் கரையேறவில்லை. மறு ஆண்டு கடும் வறட்சி. அணைகள் வற்றியபோது அந்நாட்டு அரசு, தொழிற்சாலைகளுக்கும் குடிநீருக்கும் தண்ணீரைக் காப்பதற்காகப் பல்லாயிரம் ஹெக்டேர் நெல் வயல்களுக்குப் பாசனத்தை நிறுத்தியது. விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்தது. ஹ்சின்சுவில் சில்லு ஆலைகள் லாரியிலும் தண்ணீர் வரவழைத்தன. இதைப் படித்தபோது எனக்கு மேட்டூர் நினைவுதான் வந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12ஆம் தேதி அணை திறக்காமல், குறுவை போட முடியாமல் நின்றவர்கள் நாம். நாம் தட்டும் கணினிக்குள் இருக்கும் சில்லுக்காக இன்னொரு நாட்டில் ஒரு நெல் விவசாயி நாற்று விடாமல் நின்றிருக்கிறான். வேலை செய்யும் கணினியைப் புது மாடல் வந்தது என்பதற்காகத் தூக்கிப் போடுவதை அன்றிலிருந்து என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் நாட்டிலும் ஆலைகள் வருகின்றன. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாயில் குறைகடத்தித் திட்டம் அறிவித்தது. குஜராத்தில் தோலேராவில் டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் சேர்ந்து சில்லு ஆலை கட்டுகின்றன, சனந்தில் மைக்ரான் மெமரியைச் சோதித்துப் பொதியும் ஆலை அமைத்திருக்கிறது. தோலேராவில் செய்யப்போவது 28 நானோமீட்டர் எனப்படும் சற்றுப் பழைய தலைமுறைச் சில்லும் அதைவிடப் பழைய வகைகளும். கார், மீட்டர், டிவி போன்றவற்றுக்கு அவை போதும், நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் கடைக் கணினியின் விலையை அவை குறைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

கணினியை முடிவு செய்யும் இன்னொரு தேதி 2025 அக்டோபர் 14. அன்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் பொது ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல்லில் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும். மக்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உங்கள் கணினி வழியாகப் போகப்போகிறது. பாதுகாப்புத் திருத்தம் வராத இயந்திரத்தை அதற்கு வைப்பது பாவம். அதே சமயம், பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் 8ஆம், 10ஆம் தலைமுறை மினி கணினிகள் சென்னை ரிச்சி தெரு வழியாக நம் ஊர்களுக்கு நிறைய வருகின்றன. பயிற்சி வகுப்புக்கு நான் அவற்றைத்தான் பரிந்துரைக்கிறேன். மெமரி விலை ஏறிக் கிடக்கும் இந்தக் காலத்தில், உள்ளே 16 ஜிபி டிடிஆர்4 மெமரியோடு வரும் பழைய பெட்டி புதுப்பெட்டியைவிட லாபம். ஒன்று மட்டும் செய்யுங்கள். காசு கொடுக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பாருங்கள். வெளியே ஒட்டியிருக்கும் சீட்டில் 16 என்றும் உள்ளே 4 என்றும் இருந்த பெட்டிகள் என் கையில் வந்திருக்கின்றன. பழைய சுழலும் வட்டு இருந்தால் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஏழு ஆண்டு பழைய கணினி அந்த ஒரு மாற்றத்தில் எழுந்து ஓடும்.

ஏஐ கணினி என்ற பெயரில் விற்பதைப் பற்றி. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் என்ற வகையை அறிவித்தது. நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் என்பியூ என்ற தனிப் பகுதி, குறைந்தது 16 ஜிபி மெமரி, 256 ஜிபி சேமிப்பு ஆகியவை நிபந்தனை. அந்த என்பியூ இன்றைக்குச் செய்வது வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சுக்கு எழுத்து போடுவது போன்ற வேலைகள். உங்களிடம் வருபவர் பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தேர்வு விண்ணப்பத்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் வருகிறார். எல்லாமே உலாவியில் நடக்கும் வேலை. மாணவர் சாட்ஜிபிடியைத் திறந்தாலும் கணக்கு நடப்பது எங்கோ தூரத்து சர்வரில். வாங்கிய என்பியூ உங்கள் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். முதலில் வந்த அந்த வகை லேப்டாப்கள் ஸ்னாப்டிராகன் சில்லில் ஓடுபவை. இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகை. பேட்டரி அருமையாக நிற்கும், எனக்கே ஆசைதான். சாதாரண மென்பொருள்களையும் மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பழைய பிரிண்டர் ஆகியவற்றைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள்களை அப்படி மொழிமாற்றி ஓட்ட முடியாது. அந்தச் சில்லுக்கென்றே தனி டிரைவர் வேண்டும். சேவை மையத்தில் கைரேகைக் கருவி ஓடவில்லை என்றால் வாசலில் வரிசைதான் நிற்கும். முன்பக்க மேசைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி, அதோடு பேச்சு முடிந்தது.

ஏஐயே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு கணினியில் 32 ஜிபி மெமரி போடுங்கள். சாட்ஜிபிடி போல எழுதும் சிறிய மொழி மாதிரி ஒன்றில் 800 கோடி எடைகள், அதாவது கற்றதைச் சேமிக்கும் எண்கள், இருக்கும். ஒவ்வொன்றையும் நான்கு பிட்டாகச் சுருக்கினால் அது ஐந்து ஜிபிக்குள் அடங்கும், இணையம் இல்லாமலே ஓடும். மாணவர்கள் அதைத் திறந்து பார்க்கட்டும். அதில் நான் மிகவும் கவனிக்கும் போக்கு ஒன்று உண்டு. இந்த மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன, காசும் நேரமும் டோக்கன் கணக்கில்தான். தமிழை அவை வெகுகாலம் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரியை வெளியிட்டபோது, சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ்ப் பகுதி 35க்கு இறங்கியிருந்தது. புதுச் சில்லு எதுவும் வாங்காமல், வெட்டும் முறையை மாற்றியதாலேயே தமிழுக்கான செலவு மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிட்டது. என்பியூவின் எண்ணைவிட இந்த எண் நம் பிள்ளைகளுக்கு முக்கியமானது.

நெட்வொர்க்கில் வைஃபை 7ஐச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அதன் பெரிய பலம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதை. இந்தியாவில் அந்தப் பகுதியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்குவதாக 2025 மே மாத வரைவு விதிகள் சொன்னது 500 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் அப்படிப்பட்ட பாதை ஒன்றே ஒன்றுதான் அடங்கும். உங்கள் பத்துக் கணினிகளும் மேசையோடு நிற்பவை. அவற்றுக்குக் கம்பி இழுங்கள். வருபவர்களின் மொபைலுக்கு ஒரு சாதாரண வைஃபை 6 கருவி போதும்.

வெளி இணைப்புக்குக் கண்ணாடி இழை (ஃபைபர்) தான், சந்தேகமே வேண்டாம். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக மின்னல் வந்து மோடத்தைச் சுட்ட காலத்தில் தொழில் பார்த்தவன் நான், அந்த நிம்மதி எனக்குத் தெரியும். இழையோடு தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பி ஓடினால் மட்டும், அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். பொருத்த வருபவரிடம் ஒளியின் அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒளியின் பலத்தை அளக்கும் dBm என்ற அலகில் மைனஸ் 18 முதல் மைனஸ் 24 வரை நல்லது. மைனஸ் 27ஐத் தொட்டால் மழை நாளில் சிவப்பு விளக்கு எரியும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் வேலை செய்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். உப்புக் காற்றில் செம்பு முனைகள் ஓராண்டிலேயே பச்சைக் களிம்பு பிடிக்கும். மன்னார்குடியில் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் நெட்வொர்க் ஸ்விட்ச்சை மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

பலர் செய்யும் தவறு, ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு நிறுவனங்களிடம் இழை இணைப்பு வாங்குவது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. திருத்துறைப்பூண்டியில் என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி இரண்டு இணைப்பு வைத்திருந்தார். சில நாள் கழித்துப் பாதை திறந்தபின் போய்ப் பார்த்தேன். இரண்டு நிறுவனத்தின் இழையும் ஒரே மின்கம்பங்களில்தான் கட்டப்பட்டிருந்தன. அந்தக் கம்பங்கள் வரிசையாகத் தென்னைகளுக்கு அடியில் கிடந்தன. ஒரே கம்பத்தில் போகும் இரண்டு இணைப்பு ஒரே இணைப்புதான். ஓர் இழை வாங்குங்கள், மற்றது சிம் கார்டு போடும் ரௌட்டராக இருக்கட்டும். இழை தெற்கிலிருந்து வந்தால் டவர் வடக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் இந்தியாவில் உரிமம் கிடைத்தது. புயல் நாட்களில் மாவட்ட நிர்வாகத்துக்கும் மீனவக் கிராமங்களுக்கும் அது பெரும் துணையாக இருக்கக்கூடும். உங்கள் தினசரிக் கடைக்கு இழையின் விலைக்குப் பக்கத்தில் அது வராது.

வகுப்பில் என்ன சொல்லித்தருவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டப் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்தின் கையில் இருக்கிறது. தஞ்சாவூரில் 2024இல் மினி டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறந்தார்கள். இவ்வளவு இழையையும் யார் ஒட்டுவது? இழை அறுந்தால் இங்கே ஒட்டத் தெரிந்தவர் கிடைக்காமல் இரண்டு நாள் காத்திருக்கிறோம். டிப்ளமோ முடித்த பிள்ளைகள் சென்னைக்குப் பஸ் ஏறுகிறார்கள், அங்கே வேறு வேலை செய்கிறார்கள். இழையை ஒட்டும் ஒரு ஸ்பிளைசிங் கருவியை வாடகைக்கு எடுத்தாவது மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு நடத்துங்கள். முடியை விட மெல்லிய இழையைத் துடைத்து, நேராக வெட்டி, கருவிக்குள் வைத்து மூடினால், திரையில் இரண்டு முனைகளும் நெருங்கி ஒரு பொறியில் ஒன்றாவது தெரியும். முதல்முறை அதைப் பார்க்கும் மாணவனின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் நானே வந்து சொல்லித்தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ஓர் எலக்ட்ரீஷியனையும் மல்டிமீட்டரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போங்கள். மதியம் ஒரு முறை, மாலை ஆறரைக்கு ஒரு முறை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளந்து, தேதியோடு எழுதுங்கள். எர்த் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். காட்டத் தெரியவில்லை என்றால், புதுக் குழி தோண்ட அனுமதி கேளுங்கள். தோண்டக்கூடாது என்றால் வேறு கட்டடம் பாருங்கள். கணினிகளைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.